வத்தல் இருமல்

மிளகாய் வத்தல் கிட்டங்கியில் (சரக்கு அடுக்கும் குடோனில்) ஒருவன் இருமினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த கிட்டங்கியில் இருபது பேர் இருந்தோம், இருபது பேரும் இருமினோம். வெளியூர் வியாபாரி யாராவது வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மினால் எங்களுக்குச் சிரிப்பு வரும். "அண்ணாச்சிக்கு வத்தல் இருமல் பிடிச்சிட்டு" என்போம். அந்த இருமலுக்கு எங்களிடம் ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்ததுதான் வினை.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. எடை போட்டு மூட்டை தைப்பது என் வேலை. என் மனைவி பேச்சியம்மாளும் அங்கேதான் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளுவாள். கிள்ளிக் கிள்ளி அவள் விரல்களில் காரம் ஏறிவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் கழுவினாலும் போகாது. "தொடாதீங்க, எரியும்" என்பாள். நான் வேண்டுமென்றே அந்தக் கையைப் பிடிப்பேன். அப்புறம் மறந்துபோய் கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்தில் குதிப்பேன். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. எங்கள் வீட்டு விளையாட்டு அதுதான்.

மூன்று மாதமாக எனக்கு இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருந்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒருநாள் இருமிவிட்டு வாயைத் துடைத்தபோது துண்டில் சிவப்பு. எங்கள் எல்லாருடைய துண்டும் வத்தல் தூசியால் சிவப்புத்தான். உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டேன்.

கண்டுபிடித்தவள் பேச்சி. துவைக்கப் போனவள் துண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இது தூசியில்ல. தூசின்னா முக்குனதும் போயிரும். இது பிசுபிசுங்குது."

"வெத்தலையா இருக்கும், ஏட்டி."

"நீங்க என்னைக்கு வெத்தல போட்டிய?"

மறுநாள் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளிப் பரிசோதனை (காறித் துப்பிய சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். காசநோய் என்றார்கள். நுரையீரலை அரிக்கிற தொற்றுநோய், டி.பி. என்று எல்லாரும் குரலைத் தாழ்த்திச் சொல்வது.

என்னைச் சேர்த்த ஆஸ்பத்திரி ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஒரு பொட்டலில் இருந்தது. என் அண்ணன் ஒருமுறை வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, சாத்துக்குடிப் பையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அப்படியே போய்விட்டார். சாத்துக்குடி மட்டும் உள்ளே வந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு நான்கு பிள்ளைகள்.

இதை வாசிக்கிற நீங்கள் இப்போது அப்படியொரு கட்டிலில் படுத்திருந்தால் உங்களிடம் ஒன்றைச் சொல்லலாம், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தினமும் எனக்கு ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க்கு இடுப்பில் போடுகிற ஊசி மருந்து) போட்டார்கள். கடுமையாக வலிக்கும். ஆனாலும் காலையிலிருந்தே அந்த நர்ஸ் வருகிற நேரத்துக்குக் காத்துக்கிடப்பேன். ஒரு நாளில் என்னைத் தொடுகிற ஒரே கை அவருடையது. ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் தேய்த்துவிடுவார், அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் நானும் மனிதன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேச்சி வருவாள். ஆஸ்பத்திரியில் எட்ட உட்காரச் சொல்லியிருந்தார்கள். எத்தனை எட்ட என்று அளந்தவன் நான். வராந்தாவில் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் பத்தடி. அவளுக்கு ஒரு தூண், எனக்கு ஒன்று. "அங்கனயே இரு. தூணைத் தாண்டி வராத" என்று முதல் வாரமே கறாராகச் சொல்லிவிட்டேன். நோய் தீரும் என்று எங்கள் ஊர்க் கோயில் புற்றுமண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாள். நடுவில் வைத்துவிட்டுத் தன் தூணுக்குப் போவாள். அப்புறம் நான் போய் எடுத்துக்கொள்வேன்.

பத்தடிக்கு அப்பாலிருந்து புருஷன் பெண்டாட்டி என்ன பேச முடியும்? கத்திப் பேசினால் வார்டே கேட்கும். ஓடு மாற்றியாச்சு, ஆடு குட்டி போட்டாச்சு என்று ஊருக்கே சொல்லக்கூடிய செய்திகளை மட்டும் சொன்னாள். மற்றதை அவள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

அவளும் இருமினாள். பக்கத்துக் கட்டிலில் ராயகிரிக்காரர் ஒருவர் இருந்தார், வாய் ஓயாதவர். அவர் ஒருநாள், "என்ன வே, உம்ம வீட்டம்மாவும் இருமுதாகளே?" என்றார்.

"அது வத்தல் இருமல் வே. கிட்டங்கிக்குப் போயிட்டு வாரால்லா" என்றேன்.

இரத்தம் துப்பிப் படுத்திருந்த நான், என் இருமலையும் அப்படியே சொல்லி ஏமாந்த நான், கொஞ்சம்கூட யோசிக்காமல் இதைச் சொன்னேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றும்.

மூன்றாவது மாதம் சளி நெகட்டிவ் (கிருமி இல்லை) என்று வந்தது. எங்கள் வார்டு டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை வராந்தா வழியாகப் போனவர் எங்கள் இருவரையும் பார்த்து நின்றார்.

"இனி உங்களால யாருக்கும் ஒட்டாது. ஏம்மா, பக்கத்துல போய் உக்காந்து பேசேன்" என்றார்.

பேச்சி புற்றுமண் பொட்டலத்தோடு எழுந்தாள். அன்றைக்கு அவள் காகிதத்தை நடுவில் வைக்கவில்லை. சிரித்துக்கொண்டே நேராக என்னை நோக்கி வந்தாள். எனக்குப் பதறிவிட்டது. டாக்டர் சொல்வார், ஒட்டினால் யார் பார்ப்பது?

"வராதட்டி! அங்கன போ!" என்று கத்தினேன்.

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் நின்றாள். பொட்டலத்தைக் குனிந்து தரையில் வைத்துவிட்டுத் தன் தூணுக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவளைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமைப்பட்டேன். அதற்கப்புறம் அவள் தூணைத் தாண்டவே இல்லை.

ஆறாவது மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடச் சொன்னார்கள். இடது காதில் வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம், அது ஊசி மருந்து தந்தது, இன்றும் இருக்கிறது. மற்றபடி பிழைத்துவிட்டேன். வீட்டு வாசலில் பேச்சி நின்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் கையைப் பிடித்தேன். காரம் எரிந்தது. அதைவிட, கை கொதித்தது. கன்னத்தைத் தொட்டேன், கழுத்தைத் தொட்டேன். அனல்.

மறுநாளே அவளை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்க நுரையீரலும் அரித்திருக்கிறது என்றார்.

"எத்தன நாளா இருமல் இருக்கு?"

"அது வத்தல் இருமல்தாம்மா" என்றாள் பேச்சி.

"காய்ச்சல்?"

"அஞ்சு மாசமா சாயங்காலமானா அடிக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று நான் சத்தம் போட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "அம்புட்டு பேரு முன்னால அதக் கத்தியா சொல்லுவாக? அன்னைக்குப் பக்கத்துல வந்து சொல்லத்தான் வந்தேன்."

டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். அவளுக்கு எப்போது ஒட்டியிருக்கும் என்று. நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே, ஒரே வீட்டில் இருமிக்கொண்டிருந்த அந்த மூன்று மாதத்தில்தான் என்றார். அப்படியென்றால் நான் அளந்த பத்தடி எதையும் தடுக்கவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையைத் தொட்டிருந்தால் போதும், காய்ச்சல் தெரிந்திருக்கும். எனக்குக் கேட்ட மருந்து அவளுக்கும் கேட்டிருக்கும்.

இப்போது அவள் கட்டிலில், நான் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில். முதல் வாரம் புற்றுமண்ணோடு பெண்கள் வார்டு வராந்தாவில் ஏறினேன்.

"அங்கனயே இருங்க. தூண்கிட்ட வச்சிட்டுப் போங்க" என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. என்னிடம் கற்றதை என்னிடமே சொன்னாள். நான் தூணைத் தாண்டிப் போனேன். புற்றுமண்ணை நானே அவள் நெற்றியில் இட்டேன். சாயங்காலம் மணி அடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். தாழ்ந்த குரலில் பேச எங்களுக்கு நிறைய இருந்தது. பத்து ஞாயிற்றுக்கிழமைகள் பேசினோம்.

பத்தாவது ஞாயிறு அவளால் பேச முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பழக்கதோஷத்தில் கண்ணைக் கசக்கினேன். எரியவில்லை. மறுபடியும் அவள் விரல்களைப் பிடித்து என் கண்ணில் தேய்த்துப் பார்த்தேன். காரம் போய்விட்டிருந்தது. அப்போதுதான் தெரிந்துகொண்டேன், அப்போதுதான் அழுதேன். அடுத்த வியாழக்கிழமை அவள் போய்விட்டாள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். இருமலுக்குப் பெயர் வைக்காதீர்கள். சளியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எட்ட இருக்கச் சொல்கிற நாளில் எட்ட இருங்கள். கிட்டப் போகலாம் என்று டாக்டர் சொல்கிற நாளில் தயவுசெய்து போய்விடுங்கள்.

என் நுரையீரல் ஆறிவிட்டது, மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு இழுக்கும். வாரம் எனக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வந்து நிற்கிறது. கிட்டங்கி வேலையை அவள் போன அன்றோடு விட்டுவிட்டேன். ஆனால் சந்தையில் எங்காவது வத்தல் சாக்கு வாய் திறந்திருந்தால், விலை கேட்கிறவன் போல நின்று உள்ளே கையை விடுவேன். எரிகிறவரை எடுக்க மாட்டேன்.