முன்னறைக்கு ஒரே கைப்பிடி

டெல்பின் வீட்டைப் பூட்டிவிட்டு நேராக நடந்து போனதைப் புன்னைக்காயலில் யாரும் பார்த்ததில்லை. பூட்டுவாள், பத்தடி நடப்பாள், நிற்பாள், திரும்பி வருவாள். பூட்டைத் திறந்து முன்னறைக்குள் போய் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்ப்பாள். டி.வி., செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிபயர், ஸ்டெபிலைசர், மோடம், அயர்ன் பாக்ஸ். புறங்கையால்தான் தொடுவாள், சூடு இருந்தால் புறங்கைக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். பிறகு மறுபடியும் பூட்டுவாள். சில நாள் இரண்டு தடவை, மழைக்காலத்தில் மூன்று தடவை. பூசைக்கு எல்லோருக்கும் முந்திச் சீலை உடுத்தி நிற்பவள், பிரசங்கம் முடிகிற நேரத்தில்தான் கோயிலுக்குள் நுழைவாள். பதினாறு வருடமாக இப்படித்தான். தெருவில் இதைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்து விட்டுவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் புருஷன் கிளைட்டன் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் போகும் தோணியில் வேலை பார்க்கிறவன். காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது அவன் கையில் யாரோ கழித்துவிட்ட ஏதாவது ஒரு செட்டு இருக்கும். அவன் கொண்டுவந்ததெல்லாம் முன்னறையில் சேர்ந்தது. கடற்கரை வீட்டில் சுவரே உப்பு பூக்கும்போது பிளக்கின் பித்தளை மட்டும் என்ன செய்யும்? பச்சை பிடித்தது. கல்யாணமான இரண்டாம் வருடம் டெல்பின் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் சுவிட்ச் போர்டு பொரிந்து, திரைச்சீலை பற்றிக்கொண்டது. அக்கம்பக்கத்தார் மணலை வாரி இறைத்து அணைத்தார்கள். ஆளுக்குச் சேதமில்லை. அன்றிலிருந்து இந்தப் பழக்கம்.

டெல்பின் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டாள். ஆனால் பார்ப்பாள். தீப்பிடித்த பிறகு புது வயர் இழுக்க வந்த எலக்ட்ரீசியன் இரண்டு நாள் வேலை செய்தான். இரண்டு நாளும் அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பியூஸ் போனாலும் சுவிட்ச் உடைந்தாலும் வெளியாள் வந்ததில்லை.

போன வருடம், மகன் அனிஷ் பாளையங்கோட்டை விடுதிக்குப் படிக்கப் போன பிறகு, அவள் தூத்துக்குடிப் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் சேர்ந்தாள். முதலில் தோலுரிக்கும் மேசை. மூன்றாம் மாதம் சூப்பர்வைசர் சண்முகசுந்தரி ஒன்றைக் கவனித்தாள். கிலோவுக்கு முப்பது நிற்கிற இறாலா, நாற்பது நிற்கிற இறாலா என்று சொல்ல இந்தப் பெண்ணுக்குத் தராசு தேவைப்படவில்லை. தரம் பிரிக்கும் மேசைக்கு மாற்றினாள். அங்கே பேச வேண்டியதில்லை. கண்ணும் கையும் போதும். உனக்கு ஒரு வேலை நன்றாக வருகிறது என்று டெல்பினிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆனால் கம்பெனி வண்டி காலை ஆறு நாற்பதுக்குக் கோயில் முக்குக்கு வரும். இரண்டு நிமிடம்தான் நிற்கும். டிரைவர் ஜாபேஸ் பலமுறை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, "யக்கா, ஒங்க வீட்டுக்குள்ள முத்தா கெடக்கு? இத்தன தடவ போயி எண்ணிப் பாத்துட்டு வாரிய?" என்றான். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று நாள் வண்டி போய்விட்டது. மூன்றாம் தடவை சண்முகசுந்தரி கூப்பிட்டுவிட்டாள்.

"இங்க பாரு டெல்பின், கண்ணு நல்ல கண்ணுதான். ஆனா ஆளு வந்தாத்தான கண்ணு வரும்? இன்னும் ஒரு நாள் வண்டிய விட்டன்னா அந்த மேசைல வேற ஆளப் போட்டுருவேன். பெறகு எம்மேல வருத்தப்படாத."

டெல்பின் தலையை ஆட்டினாள். தன் பழக்கத்தை விட முடியாது என்று அவளுக்குத் தெரியும். தொட வேண்டியது ஆறு பிளக்காக இல்லாமல் ஒன்றாக இருந்தால் போதும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆத்தூருக்குப் போய் செந்தில்வேல் அண்ணாச்சியின் எலக்ட்ரிக் கடையில் நின்றாள். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, முன்னறைக்கு மட்டும் மொத்தமாக ஒரு சுவிட்ச் வேண்டும் என்றாள்.

"வீட்டு மெயினையே எறக்கிட்டுப் போ தாயி. தனியா எதுக்கு?"

"பிரிட்ஜ்ல மீன் கெடக்கு அண்ணாச்சி."

"அப்ப பிரிட்ஜ் மட்டும் தீப்பிடிக்காதாக்கும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது குளுந்து கெடக்குல்லா."

அண்ணாச்சி கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் லேசாகச் சிரித்தாள், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பதினாறு ஆம்பியர் சுவிட்ச் ஒன்று, பக்கத்தில் வைக்கச் சிவப்பு இண்டிகேட்டர் ஒன்று, ஒரு மரப்பெட்டி, கொஞ்சம் வயர் கொடுத்தார். யார் மாட்டித் தருவார்கள் என்று கேட்டார். ஆள் இருக்கிறது என்றாள்.

அன்று மத்தியானமே வேலையை முடித்தாள். மீட்டர் பெட்டி வெளிச்சுவரில் இருந்தது. உள்ளே மூன்று பியூஸ் கட்டை. முதலாவது லைட்டுக்கும் பேனுக்கும், இரண்டாவது அடுக்களைக்கும் பிரிட்ஜுக்கும், மூன்றாவது முன்னறைப் பிளக்குகளுக்கு. மூன்றாவதை உருவி, யாரும் எடுத்துத் திரும்பப் போட்டுவிடாதபடி மடியில் முடிந்துகொண்டாள். டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். முன்னறைக்குப் போகும் பேஸ் வயரை நறுக்கி, இரண்டு முனையையும் கிரில் கதவுக்கு உள்பக்கச் சுவருக்கு இழுத்து வந்து சுவிட்சில் சேர்த்தாள். பிறகு மடியிலிருந்த கட்டையைச் செருகிவிட்டுத் தட்டிப் பார்த்தாள். கீழே தட்டினால் அறை முழுக்க உயிர் வந்தது. மேலே தட்டினால் ஆறும் ஒன்றாய் அணைந்தன.

கிளைட்டன் மாலேயிலிருந்து போன் செய்தபோது சொன்னாள்.

"எவன் மாட்டுனான்?"

"நாந்தான்."

"என் ஆம்ப்ளிபயர் பாடுதா?"

"பாடுது."

"அப்ப சரி."

இண்டிகேட்டரைத் தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும்படி வைத்திருந்தாள். பத்தடி நடந்து நின்று திரும்புவது மாறவில்லை. ஆனால் திரும்ப வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. சிவப்பு எரியவில்லை என்றால் எல்லாம் அணைந்திருக்கிறது. நடையைக் கட்டலாம். பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் வாசல் தெளித்துக்கொண்டே, "என்னளா, லைட்டுக்கு டாட்டா காட்டியாச்சா?" என்பாள். ஐந்து வாரம் ஒரு நாளும் அவளுக்கு வண்டி தவறவில்லை.

ஆறாவது வாரம் புதன்கிழமை. முன்னறை மேசையில் போர்வையை மடித்துப் போட்டு, கம்பெனி வெள்ளைக் கோட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். பாதியில் கரண்ட் போயிற்று. மணி ஆறரை. அரைகுறையாகத் தேய்த்த கோட்டை உருவி எடுத்துக்கொண்டு, கிரில்லைப் பூட்டி, பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தாள். சிவப்பு எரியவில்லை. நடந்தாள். வண்டியில் அவளுக்கு ஜன்னலோர இடம்கூடக் கிடைத்தது.

பழையகாயல் பக்கம் ஒரு டீக்கடையில் அணைந்து கிடந்த டியூப்லைட் இரண்டு முறை துடித்து எரிந்தது. "கரண்ட் வந்துட்டு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

டெல்பினுக்கு முன்னறைச் சிவப்பு லைட் நினைவுக்கு வந்தது. கரண்டே இல்லாதபோது அந்த லைட் எப்படி எரியும்? சுவிட்சைத் தட்டியிருந்தாலும் எரியாது, தட்டாவிட்டாலும் எரியாது. தன் விரல் சுவிட்சைத் தட்டியதா என்று நினைத்துப் பார்த்தாள். நினைவில் ஒன்றும் இல்லை. அயர்ன் பாக்ஸைப் போர்வைமேல் கவிழ்ந்தபடியே விட்டது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

இறங்கித் திரும்பினால் மேசை போய்விடும். திரும்பாவிட்டால் வீடு. போனை எடுத்து பிளாரன்ஸை அழைத்தாள்.

"மைனி, எங்க வீட்டு கிரில்லு வழியா பாருங்க. செவப்பு லைட்டு எரியுதா?"

"கொஞ்சம் இருளா, கைய கழுவிட்டுப் போறேன்." செருப்புச் சத்தம் கேட்டது. "எரியுதே. நல்லாத்தான் எரியுது. என்ன, இன்னைக்கு டாட்டா காட்டலியா?"

"மைனி, மீட்டர் பெட்டியத் தொறங்க. வெள்ளயா மூணு கட்டை இருக்கும். மூணாவத உருவுங்க."

"எதுக்கு, என்னயக் கொல்லவா? நாந் தொடமாட்டேன்."

"ஒண்ணுஞ் செய்யாது மைனி. பீங்கான மட்டும் பிடிச்சு வெளிய இழுங்க."

"எங்கனருந்து மூணாவது? எங்க வீட்டுக்காரரு எந்திரிக்கட்டும், வரச் சொல்லுதேன்."

"மைனி! உருவுங்க!"

ஜாபேஸ் பாட்டை நிறுத்தினான். பதினோரு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். கூட வந்த எட்டு மாதத்தில் டெல்பினின் குரல் இப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

போனில் மூச்சிரைத்தது. "உருவிட்டேன்."

"லைட்டு?"

"அணைஞ்சிட்டு. எதுக்கும் இருக்கட்டும்னு மூணையும் உருவிட்டேன்."

டெல்பின் போனை மடியில் வைத்தாள். ஜாபேஸ் கண்ணாடியில் பார்த்து, "யக்கா, நாளயிலருந்து வண்டிக்கு ஹார்ன் வேண்டாம், நீங்க போதும்" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மேசையில் அவள் கையில் ஓர் இறால்கூடத் தவறவில்லை என்று சண்முகசுந்தரி பிறகு சொன்னாள்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது போர்வையில் இரண்டு மடிப்பு கருகி, அயர்ன் பாக்ஸின் அச்சு மேசைப் பலகைவரை இறங்கியிருந்தது. பிரிட்ஜில் இருந்த பாரை மீன் நாறிப்போனது. அதை பிளாரன்ஸ் வீட்டுப் பூனை தின்றது.

இரண்டு நாள் டெல்பின் அந்தச் சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்தால் போட்டிருக்கிறது என்று சொல்லும். எரியாவிட்டால் அது ஒன்றுமே சொல்லவில்லை; அவளாக நினைத்துக்கொண்டதுதான். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்மையைக் காட்டுகிற ஒன்று வேண்டும். அதோடு, தான் மறந்தாலும் அது மறக்கவிடக் கூடாது.

மறு ஞாயிறு ஆத்தூரில், பக்கவாட்டில் கைப்பிடி வைத்த பழைய இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச் ஒன்று கேட்டாள். "இத இப்ப ஆரும் வாங்குததில்ல தாயி" என்று அண்ணாச்சி பரண்மேலிருந்து இறக்கித் தூசி தட்டினார். கைப்பிடி மேலே இருந்தால் கரண்ட் போகும்; கீழே இழுத்தால் நிற்கும். மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றிக் கைப்பிடிக்குக் கவலை இல்லை. பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் அந்தப் பெட்டியை மாட்டி, எர்த் வயர் சேர்த்தாள். பிறகு கைப்பிடியில் ஒரு தகரத் துண்டைத் திருகி, அதற்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி அறைந்தாள். கிரில் பூட்டின் சாவிக்கு இடம் அந்த ஆணி. கைப்பிடி மேலே இருக்கும்வரை தகரம் ஆணியை மூடிக்கொள்ளும். சாவியை எடுக்க முடியாது. கைப்பிடியைக் கீழே இழுத்தால் தகரம் விலகும், சாவி கைக்கு வரும். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு இதற்கு ஆகாது என்று முன்பே யோசித்து, சாவி போட்டால்தான் பூட்டும் பூட்டாகப் பார்த்து மாற்றினாள்.

தோணி ஓடாத ஆனி மாதத்தில் கிளைட்டன் வந்தான். முதல் நாளே சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கைப்பிடியை ஏற்றிவிட்டான்.

"சாவிய ஆணில மாட்டிட்டு ஏத்துங்க."

"எம் பையில கெடந்தா என்ன?"

"பையில கெடந்தா அது வெறும் சாவி."

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கைப்பிடியை இறக்கி, சாவியை மாட்டி, திரும்ப ஏற்றினான்.

கைப்பிடி மாட்டி இப்போது ஏழு மாதம் ஆகிறது. டெல்பின் இன்னும் பத்தடி நடந்து நிற்கிறாள். கையிலிருக்கும் சாவியைப் பார்த்துவிட்டுப் போகிறாள். வண்டியை ஒரு நாளும் விடவில்லை. தரம் பிரிக்கும் மேசையில்தான் வேலை.