என் தம்பியும் காந்தம் ஒட்டிய ஜிபிஎஸ்ஸும்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். ஆனால் அந்த லிஃப்ட் இருக்கும் கட்டடத்துக்கு அவன் போய்ச் சேருவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். மேலே, கீழே என்ற இரண்டு திசைகளைத் தவிர வேறெதுவும் அவன் மண்டையில் ஏறாது. கம்பெனியில் அவனுக்குப் பெயரே பம்பரம்.

அதே கம்பெனியில் புகார் போன்களை எடுப்பவள் நான். பதினோரு வருடமாக ஒரு காதில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள், இன்னொரு காதில் தம்பி. "அக்கா, நான் இப்ப எங்க இருக்கேன்?" என்பான். தெருவில் யாரிடமாவது கேட்டுத் தொலைக்கக் கூடாதா என்றால், சட்டையில் கம்பெனி பெயர் இருக்கிறது, மானம் போய்விடும் என்பான். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் வழி சொல்வேன்.

போன வருடம் புது மேனேஜர் வந்தார். புகார் வந்த முப்பது நிமிடத்துக்குள் மெக்கானிக் போய் நிற்க வேண்டும் என்றார். தம்பி இரண்டு முறை கோட்டை விட்டான். ஒருமுறை வாட்ச்மேனே சாவி போட்டுக் கதவைத் திறந்து, உள்ளே இருந்தவரை வெளியே எடுத்து, டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டார். இவன் அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தான். இன்னொரு முறை தாமதமானால் கிடங்கில் நட்டு போல்ட் அடுக்கும் வேலைதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். லிஃப்டைத் தொடாமல் அவனால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது.

மெக்கானிக்குகளுக்குக் கம்பெனி கொடுத்திருந்த கைக்கணினியில் நகர வரைபடம் இருந்தது. நாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளிடம் கேட்டுச் சொல்லும் ஜிபிஎஸ் ரிசீவரை மட்டும் தனியாக வாங்க வேண்டும். சனிக்கிழமை அவனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மூன்று வகைகளை எடுத்து வைத்தார். முதலாவது, கைக்கணினியின் தலையிலேயே செருகுவது. வாசலில் வைத்துப் பார்த்தபோது நன்றாக வேலை செய்தது. தம்பியின் கம்பெனி காருக்குள் போனதும் ஊமையாகிவிட்டது. கண்ணாடியில் வெயிலுக்காக ஒட்டிய உலோகத் தாள் சிக்னலை மறிக்கிறது என்றார் கடைக்காரர். லிஃப்டுக்குள் செல்போன் ஏன் எடுக்காது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன், இதைக் கேட்டு வாயைப் பிளந்தான்.

இரண்டாவது, கம்பியே இல்லாமல் புளூடூத்தில் பேசுவது. சின்னது, அழகானது. எனக்கு அதுதான் பிடித்தது. தம்பி அதைக் கையில் வாங்கக்கூட மறுத்துவிட்டான். "கம்பி இல்லாத எதையும் நான் நம்ப மாட்டேன்க்கா" என்றான்.

மூன்றாவதுக்கு நீளக் கம்பி, அடியில் காந்தம். காரின் கூரைமேல் ஒட்டிக்கொள்ளலாம். கம்பியை இரண்டு கையாலும் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தான். கடைக்காரருக்கு முகம் வெளிறியது. கம்பி அறுந்து வராததால் அதையே வாங்கினோம்.

அடுத்த மூன்று வாரம் தம்பி எங்கும் தாமதமாகப் போகவில்லை. திருட்டுப் பயத்தால், காரை விட்டு இறங்கும்போதெல்லாம் ரிசீவரைக் கூரையிலிருந்து பிடுங்கி, கம்பியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் போனான். அவனிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. தொல்லை விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பேச்சுத்துணை போன மாதிரி இருந்தது.

நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை கண் ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்றாம் மாடி லிஃப்ட் கதவைச் சரிசெய்யப் போனான். முடித்துக் கிளம்பிய கால் மணி நேரத்தில் அதே லிஃப்டிலிருந்து அவசர போன் வந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே, கண்ணில் மருந்து விட்டுக்கொண்ட ஒரு வாத்தியார். "ஏம்மா, நான் எங்கம்மா இருக்கேன்? ஒண்ணும் தெரியலியே" என்றார்.

தம்பியைக் கூப்பிட்டேன். அவன் குரலே சரியில்லை. "ரிசீவரைக் காணோம்க்கா. நான் எங்க இருக்கேன்னே தெரியல" என்றான். இரண்டு காதிலும் ஒரே கேள்வி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

என்ன தெரிகிறது, கடை பெயரைப் படி என்று கத்தினேன். அவன் கண் எங்கே கீழே பார்க்கும்? "ஆறு மாடி கட்டடம்க்கா. மொட்டை மாடியில மெஷின் ரூம், பச்சைக் கதவு. ரெண்டு லிஃப்ட், பழசு" என்றான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நகரத்தில் நாங்கள் பராமரிக்கும் எல்லா லிஃப்டும், மெஷின் ரூம் கதவின் நிறம் உட்பட, என் பதிவேட்டில் இருக்கின்றன. ஆறு மாடி, இரண்டு லிஃப்ட், பச்சைக் கதவு என்றால் துணிக்கடைக் கட்டடம். நேரே போ என்றேன். அடுத்து நீல மெஷின் ரூம், ஒற்றை லிஃப்ட். அங்கே இடது பக்கம் திரும்பு. இப்படி ஊரின் மொட்டை மாடிகள் வழியாகவே அவனைத் திட்டித் திட்டி நடத்திக்கொண்டு போனேன். இருபத்தெட்டாவது நிமிடம் கண் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான்.

வாத்தியாரை வெளியே எடுத்த பிறகு போன் செய்தான். "அக்கா, ரிசீவர் கிடைச்சிருச்சு" என்றான் மெதுவாக.

லிஃப்டின் தலையில் ஏறி வேலை பார்க்கும்போது கம்பி கழுத்தில் தொங்கினால் ஆபத்து. அதனால் கழற்றி, லிஃப்ட் ஏறி இறங்கும் சுவரோர இரும்புத் தண்டவாளத்தில் ஒட்டியிருக்கிறான். ஏறும்போது எத்தனை சாமானோ இறங்கும்போதும் அத்தனை இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். ஒழுங்காக எண்ணியும் இருக்கிறான். பதினோரு சாமான் ஏறி, பதினோரு சாமான் இறங்கியது. பட்டியலில் ரிசீவர் இல்லையே! மூன்றாம் மாடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டான். அந்த லிஃப்டுக்கு மாடி வந்துவிட்டது என்று சொல்வதும் காந்தம்தான். நடுவழியில் புதுக் காந்தத்தைக் கண்டு, அதுவும் இடம் தெரியாமல் நின்றிருக்கிறது.

அவன் சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். சாமான் பட்டியலில் ரிசீவரையும் சேர்க்கச் சொன்னார். முப்பது நிமிடத்துக்குள் போய்விட்டதால் கிடங்குப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் காலை போன் அடித்தது. "அக்கா, நான் இப்ப எங்க இருக்கேன்?"

கூரைமேல் இருப்பதிடம் கேளேன் என்றேன்.

"கேட்டேன்க்கா. தப்பா திரும்பினாக்கூட அது திட்டவே மாட்டேங்குது."

மூன்று வாரத்துக்கும் சேர்த்துத் திட்டினேன். பதினாறே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தான்.