அது பென் இல்லை

எங்கள் பக்கத்தில் கணினியில் செருகக்கூடிய எல்லாமே பென்தான். விரல் நீளத்தில் இருந்தாலும் பென், தீப்பெட்டி அளவில் இருந்தாலும் பென். "பென் ஒண்டு இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்கள் பேனா இரவல் வாங்குவது போல வாங்கிப்போவார்கள். இரவல் போன பேனா எப்படித் திரும்பி வருமோ அப்படித்தான் அதுவும் வரும். இந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாட்டை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

என்னுடையது திரையும் உடம்பும் ஒன்றாக ஒட்டிச் செய்த பழைய மேசைக் கணினி. ஏதோ ஒரு திட்ட அலுவலகத்தை மூடிக்கொண்டு போனவர்கள் விற்றுவிட்டுப் போனது. படம் கீறுவதற்கு அதன் திரையைப் போல ஒன்று எனக்குக் கிடைக்காது. ஆனால் வேகம்? மின் ஆளியை அமத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டு, குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தால், அது அப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டிருக்கும். ரவுனில் கணினிக் கடைக்காரரிடம் கேட்டேன். "இத எறிஞ்சிட்டுப் புதுசு எடுங்க மிஸ்" என்றார். வீட்டிலும் அதே பாட்டு. ஒரு பொருளைப் பழுது பார்க்கத் தெரியாதவர்கள் எல்லோரும் அதை எறியச் சொல்வதில் மட்டும் வலு கெட்டிக்காரர்கள்.

நான் எறியவில்லை. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய வட்டுத்தான் அதன் காலைக் கட்டி வைத்திருக்கிறது என்று வாசித்துத் தெரிந்துகொண்டேன். அதை மாற்ற வேண்டுமென்றால் ஒட்டிய திரையைப் பெயர்க்க வேண்டும். அதற்கு எனக்குத் துணிவில்லை. ஆனால் பெயர்க்காமலும் ஒரு வழி இருந்தது. சுழலாத சின்னக் கறுப்பு வட்டு ஒன்றை வாங்கி, வயரால் பின்னால் தொடுத்து, இயங்குதளத்தை அதில் ஏற்றி, இனி உள்ளிருந்து எழும்பாதே, வெளியிலிருந்து எழும்பு என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த நாள் ஆளியை அமத்தினேன். குசினி வாசலைக்கூடத் தாண்டவில்லை, திரை தயாராக நின்றது. சத்தம் போட்டுச் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தக் கறுப்புத் துண்டுதான் என் கணினி. முன்னால் நிற்கும் பெரிய பெட்டி வெறும் முகம்.

அதில் நான் செய்துகொண்டிருந்தது ஒரு பயிற்சிப் புத்தகம். கரடியனாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கேத்திரகணிதம் என்றால் என் பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு அங்கே ரியூசனும் இல்லை, வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. ஒவ்வொரு தேற்றத்தையும் படிப்படியாகப் படத்தால் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள் என்று கண்டிருந்தேன். நாண், தொடலி, வட்ட நாற்பக்கல் என்று ஒன்றொன்றாகக் கீறிக்கொண்டு வந்தேன். கடைசி மூன்று அத்தியாயமும் அந்த வட்டில் மட்டுமே இருந்தன. ஓ.எல். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கிழமை பிரதி எடுக்கக் கொடுப்பதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். "எப்ப மிஸ் வரும்?" என்று அவர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று பள்ளி விட்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து, முகம் கழுவிவிட்டு ஆளியை அமத்தினேன். எழும்பவில்லை. உள்ளே எதுவோ உறுமத் தொடங்கியது. அந்த உறுமலை நான் மறந்திருந்தேன். நெடுநேரம் கழித்துத் திரை வந்தபோது, பல மாதங்களுக்கு முன்பு நான் விட்டுவிட்டு வந்த பழைய திரை. கணினி உள்ளிருக்கும் வட்டிலிருந்து எழும்பியிருந்தது. எட்டிப் பின்னால் பார்த்தேன். வயரையும் காணவில்லை, துண்டையும் காணவில்லை.

"உன்ட அண்ணன் வந்தவர்" என்றார் என் கணவர், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல். "அம்மாள் கோயில் சடங்குக்குப் பாட்டு ஏத்த ஒரு பென் வேணுமாம். பின்னுக்குத் தொங்கினதக் கழட்டிக் குடுத்தன்."

"அது பென் இல்ல."

"பென் மாதிரித்தானே கிடந்தது?"

நான் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அவர் மிகவும் சந்தோசமாக இருந்தார். "தங்கச்சி, உன்ட பென்னுல ஏதோ பிழை புள்ள. சவுண்ட்ஸ்காரர்ர லெப்டொப்புல குத்தினா திறக்குதில்ல. ஃபோமட் பண்ணட்டா எண்டு கேட்டிச்சு. ஓம் எண்டு அமத்தினன். மறுகா நல்லா வேல செய்யுது."

என் பொருளைத் திருத்திக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார், மனிதர்! என் கணினியின் வட்டை வேறு இனக் கணினி வாசிக்காது. வாசிக்கத் தெரியாத கணினி, துடைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. வாசிக்கத் தெரியாத மனிதர்கள் ஓம் என்றிருக்கிறார்கள்.

போனை வைத்தபோதுதான் கவனித்தேன். வாவிக்கு அந்தப் பக்கக் கோயிலிலிருந்து ஒலிபெருக்கியில் அம்மாள் பாட்டு வந்துகொண்டிருந்தது. என் வட்டங்கள் இருந்த இடத்திலிருந்து பாட்டு! செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பாலம் நெடுகவும் அந்தப் பாட்டு என் எதிரே வந்தது.

பந்தலின் ஓரத்தில் லெப்டொப். அதன் பக்கத்தில் என் கறுப்புத் துண்டு, மேலே திருநீறு சிந்தியிருந்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கழட்டினேன். பாட்டு பாதிச் சொல்லில் நின்றது. தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் முதற்கொண்டு அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன புள்ள இது?" என்று அண்ணன் ஓடி வந்தார்.

"விளைஞ்சு கிடக்கிற உங்கட வட்டைக்குள்ள ஆராவது மாட்டை அவிட்டு விட்டா என்ன செய்வீங்க அண்ணன்?"

அவர் வேளாண்மைக்காரர். விளைந்த வயல்வெளியில் மாடு இறங்கினால் என்ன நடக்கும் என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோயில் நிருவாகம் பார்க்கும் வண்ணக்கர் நடுவே வந்தார்.

"விடு மகள். அம்மாளின்ட காரியத்துக்குத்தானே எடுத்த. பொம்புளப் புள்ளைக்கு இவ்வளவு கோவம் ஆகா."

அம்மாளின் காரியம். அதைச் சொன்னால் எங்கள் ஊரில் எந்த வாயும் மூடிவிடும். என் வாயும் எத்தனையோ தரம் மூடியிருக்கிறது. அன்று மூடவில்லை.

"அம்மாளுக்குக் கோவம் வந்தா அதத் தணிக்க ஊரே திரண்டு நிண்டு குளிர்த்தி பாடுறீங்க. எனக்கு வந்தா மட்டும் ஆகாதோ?"

சவுண்ட்ஸ்காரர் மெதுவாகத் தன் போனை எடுத்து வயரில் கொழுவினார். நான் பாலத்தைத் தாண்டுவதற்குள் பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது. அவர்களுக்கு அவ்வளவுதான் வேலை.

அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். சில கோப்புகள் பெயரோடு வந்தன. 'தொடலி' என்று நான் வைத்த பெயர் அப்படியே இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அழுதேன். அழுதது துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால். பிறகு பாட்டுகளைத் துடைத்து, இயங்குதளத்தை மறுபடி ஏற்றி, அந்த மூன்று அத்தியாயத்தையும் முதல் வட்டத்திலிருந்து தொடங்கினேன். பிள்ளைகளிடம் சொன்ன கிழமைக்குப் புத்தகம் போகவில்லை. வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவள் ஒருத்தி, "பரவால்ல மிஸ்" என்றாள். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சடங்கு முடிந்து, குளிர்த்தி பாடிய அடுத்த நாள் அண்ணன் வந்தார். வழமையாக நேரே உள்ளே வருபவர் வாசலில் நின்றார். கையில் ஒரு போத்தல். அம்மாளின் சூடு தணிந்த பிறகு எல்லோர் தலையிலும் தெளிக்கிற குளிர்த்தித் தண்ணீர், வேப்பிலை மிதந்தது.

"தலையில தெளி தங்கச்சி. கோவம் குளிரும்."

வாங்கினேன். கணினிக்கு எட்டாத தூரத்தில், யன்னலோரம் வைத்தேன். திறக்கவில்லை. இன்னும் இரண்டு அத்தியாயம் கீறக் கிடந்தது. அது முடியுமட்டும் எனக்கு அந்தச் சூடு வேண்டும்.