கதவுக்கு வெளியே ஒரு மூச்சு

டப்பிங் தியேட்டரில் அவளுக்கு அலறல் அக்கா என்று பெயர். பேய்ப் படமா, கொலைப் படமா, கூப்பிடு அக்காவை. அடுத்தவளுக்காகக் கத்திக் கத்தியே குடும்பம் நடத்தியவள். ஆனால் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. துண்டு துண்டாகத்தான் ஓட்டுவார்கள். குரல் உதட்டோடு ஒட்டும்வரை அதே துண்டு திரும்பத் திரும்ப வரும்.

இந்த முறை வந்த படத்தில் பேயே கிடையாது. வீட்டில் தனியாக ஒருத்தி. ஆண் கை பட்டாலே அவளுக்கு உடம்பு கூசிப் பதறுகிறது; கதவுக்கு வெளியே யாரோ மூச்சு விடுவது கேட்கிறது; கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிக்கிறது. அவள் மிரளும் துண்டுகளுக்கு அக்கா ஒரு வாரமாக மூச்சிரைத்துக் கொடுத்தாள்.

வினை வீட்டில் தொடங்கியது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் சமையலறையில் பின்னாலிருந்து தோளைத் தொட்டார். அக்கா தியேட்டர் அலறலையே அலறிவிட்டாள். கையை இழுத்துக்கொண்டு போன மனிதர் அப்புறம் பக்கத்தில் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. இத்தனை வருஷம் ஆசையாகப் பிடித்த கை, இப்போது நினைத்தாலே உடம்பைக் கூசவைத்தது.

அதிலிருந்து, சாயங்காலம் படுக்கையறையில் சாய்ந்தால் கதவுக்கு வெளியே மூச்சுச் சத்தம். எழுந்துபோய்த் திறந்தால் யாரும் இல்லை. படத்துக்காரியைப் போலத் தனக்கும் கழன்றுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

பொத்திப் பொத்திக் கை ஓய்ந்துபோன ஒரு நாள், வருவது வரட்டும் என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். மூச்சு அவள் தொழிலாயிற்றே. இழுக்கும்போது மூக்கடைப்பு, விடும்போது கடைசியில் சின்னதாக ஒரு விசில். பக்கத்தில் படுத்துக் கேட்டுச் சலித்த விசில்தான்.

"நீங்களா?" என்றாள்.

"நான்தான். உள்ள வரலாமான்னு நிப்பேன். நீ எழுந்திருக்கிற சத்தம் கேட்டா பாத்ரூமுக்குள்ள போயிடுவேன். மறுபடியும் பயந்துடுவியோன்னு பயம். என்னைப் புடிக்காமப் போச்சோன்னு வேற."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வர, படத்தைப் பற்றி, தோளைப் பற்றி, கழன்றுபோனதாக நம்பியதைப் பற்றி எல்லாவற்றையும் கதவைப் பார்த்தே கொட்டித் தீர்த்தாள்.

"இனிமே வெளியே நின்னு மூச்சு விடாதீங்க. உள்ள வந்து விடுங்க."

அவர் வந்து கட்டில் ஓரத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளே ஒரு கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். உடம்பு கொஞ்சம் கூசத்தான் செய்தது. அவள் விடவில்லை.