ஹபீபா ஏற்றுக்கொண்ட கோளாறு

ஹபீபா இறந்துபோன செய்தி எனக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அவர் வீடு என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது. இரண்டு நாள் காய்ச்சலில் கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது நம் ஊர்ச் சங்கத்தின் சிங்கப்பூர் உறுப்பினர் ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். காலையில் மாரடைப்பு, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று இரண்டே வரி. நான் புடவை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அடக்கத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அவருக்கு ஐம்பத்து மூன்று வயதுதான்.

சங்க மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி இப்போதைய செயலாளர் கேட்டார். நான் செயலாளராக இருந்தபோது ஹபீபாவோடு சேர்ந்து வேலை செய்தவள் என்பதால் நான்தான் எழுத வேண்டும் என்றார். அந்தக் காரணத்தாலேயே எழுதத் தயங்கினேன். எழுதத் தொடங்கியபின் ஒரு பக்கத்தில் அடங்கவும் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். ஹபீபா நாகூரில் பிறந்து நம் ஊருக்கு மருமகளாக வந்தவர். கணவர் துபாயில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போவார். கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் மூன்று கம்ப்யூட்டர் வைத்து ஹபீபா ஒரு பிரவுசிங் சென்டர் தொடங்கினார். அதுவரை இணையம் என்றால் கும்பகோணத்துக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் குவைத்திலும் துபாயிலும் இருந்த கணவனையும் மகனையும் முதன்முதலில் திரையில் பார்த்தது அந்த மாடியில்தான். பிளைவுட் தடுப்புக்குள் அவர்களை உட்கார வைத்து, கேமராவை முகத்துக்கு நேராகத் திருப்பி, எதிர்ப்பக்கம் குரல் வந்ததும் ஹபீபா வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வார். மழையானாலும் படிதான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“கேமராவத் திருப்பி வைக்கிறவரைக்கும்தான் என் வேலை. அதுக்கப்புறம் நான் அங்க இருக்கக்கூடாது டீச்சர்” என்றார்.

நான் அப்போது நம் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் மகன் அமெரிக்கா போன புதிதில் அவனைப் பார்க்க அந்த மாடிக்குப் போவேன். இணைப்பு மெதுவானது. அவன் முகம் அடிக்கடி பாதி வாய் திறந்தபடி உறைந்துவிடும். ஹபீபா உடனே வந்து படத்தை நிறுத்திவிடுவார். நான் குறைப்பட்டுக்கொண்டால், “படம் போனாப் போகட்டும் டீச்சர், சத்தம் போகக்கூடாது. மொகத்த ஃபோட்டோல பாத்துக்கலாம். பேசறத எதுல கேக்கறது?” என்பார். அது அவருடைய தொழில் நியாயம். கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

நம் சங்க உறுப்பினர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். ஊரில் இருப்பவர்கள் மட்டும் கூடி முடிவெடுக்கிறோம் என்பது அவர்களின் நெடுநாள் மனத்தாங்கல். ஒரே நேரத்தில் பல ஊர்க்காரர்கள் திரையில் கூடிப் பேசும் வசதி வந்ததும் ஹபீபாவிடம் போனேன். முதல் கூட்டம் கேலிக்கூத்தாக முடிந்தது. ஒருவர் பேசினால் அவர் பேச்சே அவருக்குத் திரும்பிக் கேட்டது. தலைவரின் முகம் ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால் கரிக்கட்டையாகத் தெரிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் “ஹலோ, கேக்குதா?” என்று கத்தினார்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் ஹபீபா ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். வெறும் சுவர்தான் ஒலியைத் திருப்பி அடிக்கிறது என்று கண்டுபிடித்து, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் ஜமக்காளங்களை வாங்கி வந்து சங்கக் கூடத்தின் சுவர்களில் தொங்கவிட்டார். தலைவரின் நாற்காலியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். முந்தின நாளே குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனியாகப் பேசி, ஹெட்போன் மாட்டச் சொல்லி, ஒவ்வொருவர் மைக்கையும் சோதித்தார். நேரத்தைக்கூட அவர்தான் கணக்குப் பார்த்தார். அப்போது நமக்கு மின்வெட்டு இரண்டிலிருந்து நான்கு வரை. வெள்ளிக்கிழமை நாலரை என்று வைத்தால் கரண்டும் வந்திருக்கும், குவைத்தில் ஜும்ஆ தொழுது சாப்பிட்டிருப்பார்கள், சிங்கப்பூரில் வேலைவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள். அதன்பிறகு நம் கூட்டங்கள் வெள்ளி நாலரைக்கே நடந்தன. யாராவது ஒரு விஷயத்தில் அவர் கருத்தைக் கேட்டால், மிஷினை ஓட்டுகிறவளுக்கு அபிப்பிராயம் இருக்கக்கூடாது என்று சொல்லிச் சிரித்துவிடுவார்.

இனிமேல் எழுதப் போவதைத்தான் நான் இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

சங்கத்துக்குச் சொந்தமாக ஆற்றங்கரைச் சாலையில் இருந்த மனையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் பெண்கள் பள்ளியில் அன்று பத்தாம் வகுப்பு வரைதான். மேலே படிக்கக் கும்பகோணம் போக வேண்டும். அனுப்பாத வீடுகளில் படிப்பு அதோடு நின்றது. அந்த மனையில் வகுப்பறைகள் கட்டிக்கொடுத்தால் பள்ளி மேல்நிலைப் பள்ளியாக உயரும் என்பது என் கட்சி. கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்பது குவைத்தில் இருந்த கனி பாயின் கட்சி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இல்லாதப்பட்டவர்கள் வெளியூர் மண்டபத்துக்கு அலைந்துகொண்டிருந்தார்கள்.

அன்றைய கூட்டத்தில் தலைவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என் கைக்கெட்டும் தூரத்தில் ஆம்ப்ளிஃபயர். வெளியூர்க்காரர்களின் குரல் அதன் வழியாகத்தான் கூடத்து ஸ்பீக்கருக்குப் போகும். கீச்சென்று சத்தம் வந்தால் அதன் ஒலிக் குமிழைக் குறைத்துவிட்டு உடனே ஏற்றிவிடும்படி ஹபீபா எனக்குக் காட்டிக்கொடுத்திருந்தார். இணைப்பு மெதுவாக இருந்ததால் கனி பாயின் படத்தை அவர் நிறுத்தி வைத்திருந்தார். திரையில் பெயர் மட்டும். கனி பாய் பேசத் தொடங்கினார். மிக நன்றாகப் பேசினார். என் பக்கம் இருந்தவர்கள் தலையாட்டுவதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் சிங்கப்பூர் இணைப்பு அறுந்துபோக, ஹபீபா மோடம் இருந்த பக்கத்து அறைக்கு ஓடினார். கூடத்தில் கீச்சென்று ஒரு சத்தம். நான் குமிழைக் குறைத்தேன். சத்தம் நின்றது. கனி பாயின் குரலும் நின்றது.

தலைவர் என் பக்கம் திரும்பி, கனி பேசி முடித்துவிட்டாரா என்று கேட்டார்.

“முடிச்சிட்டார் போல” என்றேன்.

குமிழைக் குறைத்தது தற்செயல். மறுபடி ஏற்றாததைக்கூட மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த இரண்டு வார்த்தையை என்னவென்று சொல்வது? தலைவர் வாக்கெடுப்பை அறிவித்தார். ஊரில் இருப்பவர்கள் கை தூக்கினார்கள். வெளியூர்க்காரர்கள் தலைவரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மூன்று வாக்கில் பள்ளிக்கூடம் ஜெயித்தது. கை தட்டல் ஓய்வதற்குள் கனி பாய் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார். தான் பேசிக்கொண்டே இருக்கும்போது வாக்கெடுத்துவிட்டார்கள், தன் குரலை வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்றார். மிஷின் பக்கத்தில் இருப்பது யார் என்றும் கேட்டார்.

ஹபீபா பக்கத்து அறையிலிருந்து வந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், வயர்களைப் பார்த்தார், ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“எம் பக்கத்துக் கோளாறுதாங்க” என்று தலைவரிடம் சொன்னார். “அவர் பேசுனது கூடத்துல கேக்கல. கேக்காம எடுத்த ஓட்டு செல்லாது. மறுபடி கூட்டம் போடுங்க.”

மறுநாள் அந்த மாடிக்கு அவரைத் தேடிப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் வயர்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

“குமிழு சைபர்ல இருந்துச்சு டீச்சர். நான் வைக்கல.”

அவர் அடுத்த வயரை எடுத்தார்.

“பொண்ணுங்களுக்காகத்தான் செஞ்சீங்க, தெரியும். எம் பொண்ணு பர்வீனும் இந்த வருஷம் பத்தாவது. ஆனா கனி பாய்கிட்ட, நீங்க பேசறது ஊருக்கே கேக்கும், அதுக்கு நான் பொறுப்புன்னு சொல்லி உக்கார வச்சேன்.” வயரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். சொல்றதுன்னா நீங்க சொல்லுங்க.”

அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து அந்தக் கூட்டம் நடந்தது. ஒரு நொடிகூட அறுபடாமல் ஹபீபா நடத்தினார். கனி பாய் முழுசாகப் பேசினார். கல்யாண மண்டபம் ஜெயித்தது. தோற்றபின் எழுந்து நின்று என் தவற்றைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதற்கடுத்த கூட்டம் என்று தள்ளினேன். அப்படியே தள்ளிக்கொண்டே போனேன்.

பழி மட்டும் தள்ளிப்போகவில்லை. ஹபீபா நடுவில் வெட்டிவிடுவார் என்று தொடங்கிய பேச்சு, பேசுவதை ஒட்டுக் கேட்பார் என்று ஆயிற்று. மழையில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்கள். குவைத்தில் இருந்த ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களிடம் அந்த மாடிக்குப் போக வேண்டாம் என்றார்கள். சங்கமும் கும்பகோணத்திலிருந்து வேறு ஆளை வைத்துக்கொண்டது. அந்தத் தீர்மானத்தில் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டவள் நான். ஒரு வருடத்துக்குள் மாடி காலியானது. கையில் இணையம் வந்த காலத்தில் எப்படியும் மூடியிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நல்ல பெயரோடு மூடியிருப்பார். பர்வீனைத் தன் அண்ணன் வீட்டில் தங்கிப் படிக்க நாகூருக்கு அனுப்பினார். மகளை இரண்டு வருடம் பெரும்பாலும் திரையில்தான் பார்த்தார். நம் பள்ளியில் பிளஸ் டூ வர இன்னும் ஆறு வருடம் ஆயிற்று.

கொரோனா காலத்தில் சங்கக் கூட்டம் முழுவதும் கைப்பேசிக்கு மாறியது. எனக்கு எவ்வளவு முயன்றும் உள்ளே நுழைய வரவில்லை. யாரோ சொல்லி ஹபீபா வந்தார். முகக்கவசத்தோடு என் வீட்டு வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே நின்று, எதை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். திரையில் எல்லா முகங்களும் வந்தன. ஊருக்கே திரும்பிவிட்ட கனி பாயும் இருந்தார்.

“இப்ப உங்க மைக் ஆன்ல இருக்கு டீச்சர்” என்றார் ஹபீபா. “நீங்க என்ன சொன்னாலும் எல்லாருக்கும் கேக்கும்.”

அவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாரோ எனக்குத் தெரியாது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். நான் எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

அடக்கத்துக்கு மறுநாள் ஹபீபா வீட்டுக்குப் பர்வீனைப் பார்க்கப் போனேன். இப்போது ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவராக இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, “உம்மா உங்களப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லிருக்காங்க” என்றார். என்னைக் கோபித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராகக் கனி பாய் வீட்டுக்குப் போனேன். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்தப் பொண்ணு கடைக்குப் போகாதீங்கன்னு குவைத்துல அத்தன பேருக்கும் சொன்னவன் நான்தான் டீச்சர்” என்றார்.

ஹபீபாவிடமிருந்து என்னிடம் இருப்பது என் நல்ல பெயர். பெண்கள் படிப்புக்காகப் போராடிய டீச்சர் என்று நான் ஓய்வுபெற்றபோது சால்வை போர்த்தினீர்களே, அந்தப் பெயர். அது கெட்டுப்போகாமல் இருக்கத் தன் பெயரைக் கொடுத்தவர் அவர். என்னுடையதை நீங்கள் என்ன செய்தாலும் சரி. அவருடையதை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.