காலின் படத்தை எங்கே வைப்பது

என் அக்கா புருஷனுக்கு பஸ் டெப்போவில் வேலை. பயணிகள் மறந்து விட்டுப் போகும் பொருள்களை வைக்க அங்கே ஓர் அறை உண்டு. அந்த அறைக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் ராஜா, மந்திரி, வாட்ச்மேன் எல்லாம். மூன்று சுவரிலும் இரும்பு அலமாரி, நிறையக் குடை, ஹெல்மெட், டிபன் பாக்ஸ். தொண்ணூறு நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் லாரியில் ஏற்றி நசுக்கப் போட்டுவிடுவார்கள். லாரி வரும் நாளில் மாமாவுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த அறைக்கு ஒருநாள் செயற்கைக் கால் ஒன்று வந்து சேர்ந்தது. முழங்காலுக்குக் கீழே, வலது கால்.

"குடையை மறப்பாங்க, சரி. இதை விட்டுட்டு எப்படி இறங்கிப் போனான்?" என்று அக்கா கேட்டாள்.

"எப்படிப் போனா என்ன? எங்கயோ ஒருத்தன் நடக்க முடியாம உக்காந்திருக்கான்ல" என்றார் மாமா.

காலையும், கூடவே அறையில் கிடந்த குடை, ஹெல்மெட்டையும் படம் எடுத்து இணையத்தில் போட்டு, தொண்ணூறு நாளுக்குள் ஆளைக் கண்டுபிடிப்பதென்று கிளம்பினார். படத்தை எந்தத் தளத்தில் வைப்பது என்பதில்தான் வந்தது வினை.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் தளம் படத்தைச் சுருக்கியதில் கால் கரண்டி மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது தளம், தொலைந்த குடைக்குப் பக்கத்திலேயே புதுக்குடை விளம்பரத்தைப் போட்டது. "தேடி வர்றவன் அதை வாங்கிட்டுப் போயிடுவான்" என்று அதையும் கழித்தார். மூன்றாவது, காலை 'ஆடையில்லாத உடல்' என்று தடை செய்தது. மாமா அதற்கு பேன்ட் மாட்டி மறுபடி படம் எடுத்தார். 'வன்முறைக் காட்சி' என்று அதற்கும் தடை. நான்காவது எல்லாம் சரி, ஆனால் படத்துக்குக் கீழே யார் வேண்டுமானாலும் எழுதலாம். எவனோ ஒரு வேலைவெட்டி இல்லாதவன் "பத்தாம் நம்பர் சைஸ்ல இருக்கா?" என்று கேட்க, மாமா அன்றே கணக்கை மூடினார்.

ஐந்தாவதுதான் அவர் மனசுக்குப் பிடித்தது. படம் பளிச்சென்று இருக்கும், யாரும் எதுவும் எழுத முடியாது, எத்தனை முறை பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் தெரியும். ஒரே ஒரு நிபந்தனை. பத்து நாள் யாரும் பார்க்காத படத்தை அழித்துவிடுவார்கள், போட்டவரே பார்த்தால் செல்லாது. மாமா அசரவில்லை. குடும்பத்துக்கே முறை வைத்தார். அக்காவுக்குக் குடைகள், மகளுக்கு ஹெல்மெட்டுகள், எனக்குக் கால். ஒவ்வொரு படத்தின் கீழும் அறைவாசல் போர்டில் இருப்பதை அப்படியே எழுதினார்: 'உரிமையாளர் மட்டும் நேரில் வரவும். தொலைபேசியில் விவரம் தரப்படாது.'

எனக்கென்ன வேறு வேலை இல்லையா? தையல் கடையில் மூன்று மெஷினை நான் ஒருத்தி மேய்க்கிறேன். விடிந்ததும் எவனோ ஒருவனுடைய காலில் முழிக்க என் தலையெழுத்தா? "பாத்தியாம்மா?" என்பார். "பாத்தேன் மாமா" என்பேன். ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

எண்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் மாமா என் கடைக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நாளன்னைக்கு லாரி வருது. குடைப் படமெல்லாம் அழிஞ்சுபோச்சு, உங்க அக்கா ஒண்ணையும் பாக்கல. நீ ஒருத்திதாம்மா சொன்ன சொல்லைக் காப்பாத்தினவ" என்று போனை நீட்டினார்.

காலின் படத்துக்குக் கீழே எழுபத்தொன்று என்று இருந்தது. படம் போட்டு எழுபத்தோரு நாள். நாளுக்கு ஒன்று.

மெஷினை நிறுத்தினேன். "மாமா, நான் பாக்கவே இல்ல."

"விளையாடாதம்மா."

"சத்தியமா. ஒருதடவைகூட இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ தினம் பாக்கறது யாரு?"

கேட்டு முடிக்கும்போதே எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்துவிட்டது. கால் இல்லாத மனிதனை நேரில் வா என்று எழுபத்தோரு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவன் பதில் எழுதவும் வழியில்லாத தளமாகத் தேடித் தேடிப் பிடித்திருக்கிறோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா அங்கேயே அறிவிப்பை அழித்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு போன் அடித்தது. நான் விடிந்ததுமே அக்கா வீட்டுக்கு ஓடி வந்திருந்தேன்.

"சார், அந்தக் கால் விஷயமா பேசறேன்" என்றது ஒரு வயதான குரல். "பஸ்ல வலி தாங்காம கழட்டி வெச்சிருந்தேன். மயக்கம் வந்துடுச்சு. நாலு பேர் சேந்து என்னைத் தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரில சேத்தாங்க. அதையும் தூக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. டெப்போவுக்கு போன் பண்ணினேன், எல்லாம் நெட்ல இந்தப் படத்துக்குக் கீழ போட்டிருக்குன்னு சொல்லிட்டாங்க. நான் ஒண்டிக்கட்டை சார், எப்படி வர்றது? தினம் எந்திரிச்சதும் அது பத்திரமா இருக்கான்னு ஒருதடவை பாத்துக்குவேன்."

மாமா அப்போதே சட்டையை மாட்ட ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் லேசில் விடுமா?

"உங்களுதுதான்னு அடையாளம் ஏதாவது சொல்லணுமே" என்றார்.



"இன்னொண்ணு இங்கதான் இருக்கு சார். வந்து பக்கத்துல வெச்சுப் பாத்துக்குங்க."