பூவுக்குப் பதில் ஒரு ப்ரோச்

எனக்கு மல்லிகைப்பூ ஆகாது. பிடிக்காது என்பது வேறு, ஆகாது என்பது வேறு. எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு சாண் பூ தலையில் ஏறினால் போதும், பத்து நிமிஷத்தில் வலது புருவத்துக்கு மேலே தெறிக்க ஆரம்பிக்கும், அரை மணியில் வாந்தியில் போய் முடியும். முல்லை, ஜாதி எல்லாம் அதே கதைதான். வாசனையில்லாத கனகாம்பரம் வைத்துக்கொள்ளேன் என்று யோசனை சொல்லாதவர்கள் கிடையாது. அந்தக் கனகாம்பரம் பூக்காரியின் கூடையில் மல்லிகையோடு ஒரே ஈரத்துணியில் கிடந்து, அந்த வாசனையையும் ஏற்றிக்கொண்டுதான் வரும். இதை எத்தனை பேருக்குத்தான் விளக்கிக்கொண்டிருப்பது?

வேறு ஊரில் இருந்திருந்தால் ஒருவேளை சமாளித்திருப்பேன். நான் இருந்தது மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். வீட்டைவிட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் பூக்கடை. மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு குடித்தனங்கள் இருந்த வீட்டில் எங்களுக்கு ஒரு போர்ஷன். அப்பா போன பிறகு அம்மாவும் நானும் மட்டும். காலையில் பூக்காரி ஒவ்வொரு வாசலாக நின்று கூப்பிட்டுக்கொண்டே வருவாள். எங்கள் வாசல் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த வாசலில் போய்த் தொடங்குவாள். அவள்மேல் தப்பில்லை. உள்ளே இருந்த இரண்டு பேரில் ஒருத்தி பூ வைத்துக்கொள்ளக் கூடாதவள், இன்னொருத்தி பூ வைத்துக்கொள்ள முடியாதவள்.

என் தலை வெறும் தலையாக இருப்பதுதான் அம்மாவின் பெரிய கவலை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்படியே போறியே. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? என் ராசி உனக்கும் ஒட்டிக்கிச்சுன்னு நினைக்க மாட்டாங்களா?"

எனக்குக் கோபம் சட்டென்று வரும். "நினைச்சுட்டுப் போகட்டும்" என்பேன். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை என்று தெருவில் நடக்கும்போது தெரியும். முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் பின்னால் பின்னலைப் பார்ப்பார்கள், அப்புறம் கழுத்தைப் பார்ப்பார்கள்.

தி.நகரில் ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம், எனக்கு இருபத்து மூன்று வயது. வேலைக்குப் போகும் முதல் நாள் அம்மா பழைய பவுடர் டப்பா ஒன்றைத் திறந்து, பஞ்சில் பொதிந்து வைத்திருந்த ப்ரோச்சை வெளியே எடுத்தாள். ஒரு கொடியில் ஐந்து பூக்கள், எல்லாம் வெள்ளைக் கல். ஒரு பூவில் நடுக்கல் விழுந்திருந்தது. புடவைத் தலைப்பைத் தோளில் மடித்துக் குத்திக்கொள்ள அப்பா பாண்டி பஜாரில் வாங்கிக் கொடுத்தது. நாலைந்து கல்யாணத்துக்குக் குத்திக்கொண்டிருப்பாள். அப்பாவுக்குப் பிறகு தொட்டதில்லை.

"திரும்பு" என்றாள். பின்னலின் தொடக்கத்தில், பூ இருக்க வேண்டிய இடத்தில், அதை வைத்துப் பார்த்தாள்.

எண்ணெய் வைத்த தலையில் ப்ரோச் நிற்காது. இரண்டு தரம் வழுக்கிக் கீழே விழுந்தது. அம்மா யோசித்தாள். இரண்டு கொண்டை ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, அவற்றுக்கு அடியில் ப்ரோச்சின் ஊசியைக் கொடுத்து மாட்டினாள். அசையவில்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் கொஞ்சம் மல்லிகையை வளைத்து வைத்த மாதிரியே இருந்தது. அம்மாவுக்கு அப்படி ஒரு திருப்தி. அன்றிலிருந்து தினமும் அவள்தான் வைத்துவிடுவாள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த பூக்காரிதான் முதலில் கண்டுபிடித்தாள். "இன்னாம்மா இது, பொடவைல குத்துறத தலைல குத்திக்கினு போறே? பூ வாங்கினா கையி தேஞ்சா பூடும்?" என்று கேட்டாள். கியூவில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆபீஸில் பெண்கள் ஏழு பேர். வெள்ளிக்கிழமை யாராவது ஒருத்தி இரண்டு முழம் பூ வாங்கி வருவாள். மத்தியானம் சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும், நாரை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எல்லோருக்கும் பங்கு போடுவாள். பூ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். அதனால் முதல் இரண்டு வாரம் வாங்கி வாங்கி டிபன் பாக்ஸில் போட்டு மூடினேன். மூடியைத் திறந்த நாளெல்லாம் தலைவலி. அப்புறம் உண்மையைச் சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "உனக்கென்ன, ப்ரோச் இருக்கே" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி அடுத்தவளுக்குக் கொடுத்தார்கள்.

விட்டது தொல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் பூவை வாங்கியவர்கள் ஒருத்திக்கு ஒருத்தி முதுகைக் காட்டி நிற்பார்கள். "கொஞ்சம் வச்சு விடேன்." "ஊசி இருக்கா?" "இந்தப் பக்கம் தொங்குது, இரு." தலைமுடியை ஒதுக்கி, ஊசியைப் பல்லால் பிரித்து, பூவைச் செருகி, கடைசியில் தோளில் ஒரு தட்டு தட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் வீட்டுக் கதையெல்லாம் பேசுவார்கள். நான் மிஷினுக்குக் காகிதம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் தலையில் இருந்ததை யாரும் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. அது காலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது. அந்தத் தட்டலுக்காக நான் ஏங்கியிருக்கிறேன். இப்போது சொல்ல வெட்கமில்லை.

இரண்டாம் வருஷம் மாம்பலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா முன்னால் வர மாட்டாள், சமையலறையிலேயே இருந்துகொண்டாள். மாடிப் போர்ஷன் மாமிதான் வந்தவர்களை உட்காரவைத்து உபசாரம் செய்தாள். என்னை அழைத்துப்போக உள்ளே வந்தவள் என் தலையைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"பூவே இல்லாம பொண்ணை எப்படிக் கூட்டிண்டு போறது? அவா ஆத்துல என்ன நினைப்பா?" என்று ப்ரோச்சைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு, தான் வாங்கி வைத்திருந்த பந்துப் பூவை முழுசாகச் சுற்றிவைத்தாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாமிக்குத் தெரியாமல் என் கையைப் பிடித்து, "அரை மணி நேரம்தாம்மா, தாங்கிக்கோ" என்றாள்.

இருபது நிமிஷம் தாங்கினேன். பையனின் அம்மா எனக்குச் சமையல் தெரியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது எழுந்து ஓடி, கொல்லையில் துணி துவைக்கிற கல்லின்மேல் வாந்தி எடுத்தேன். அந்தச் சத்தம் கூடம்வரை கேட்டிருக்கும். கேட்டது. பொண்ணுக்கு உடம்புக்கு என்ன என்று மாமியைக் கேட்டிருக்கிறார்கள். தலைவலிதான் என்று மாமி அடித்துச் சொல்லியும் அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். கடிதம் வரும் என்றார்கள், வரவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சந்துக்குள் யாரும் என்னைப் பெண் பார்க்க வரவும் இல்லை.

அன்று அவர்கள் போனதும் என் தலையிலிருந்து பூவை எடுத்தது அம்மாதான். எடுத்ததை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மோந்து பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய்த் துளசிச் செடிமேல் போட்டுவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துவிட வந்தாள். அவள் கை பூராவும் அந்த வாசனை.

"கையைக் கழுவிட்டு வாயேம்மா" என்று எரிந்து விழுந்தேன். எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தாள். அந்தக் கையை ஏன் அவள் தானாகக் கழுவவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் ப்ரோச்சின் ஊசி வளைந்துவிட்டது. நிமிர்த்தி வை என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெறும் தலையோடு வேலைக்குப் போனேன். மத்தியானம் ஆபீஸில் கரண்ட் போய், எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு, தள்ளினால் திறந்துகொள்ளும்.

அம்மா சுவர்க்கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். இடது கையில் எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்திருந்தாள். கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். பாதி நரைத்த அந்தச் சின்னக் கொண்டையில் ப்ரோச் இருந்தது. இரண்டு கொண்டை ஊசிகளைக் குறுக்கே போட்டுச் சரியாகத்தான் வைத்திருந்தாள். தட்டில் தெரிவதைக் கண்ணாடியில் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

அழகாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சத்தமில்லாமல் வெளியே போய், செருப்புச் சத்தத்தோடு திரும்பி வந்திருக்கலாம். பூ கூடாது என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள், ப்ரோச் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இதெல்லாம் அப்புறம் யோசித்தது. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது இதுதான்:

"அம்மா, யாராவது பார்த்தா?"

என் தலையைப் பார்த்து ஊரே கேட்ட கேள்வி. அதைக் கேட்டவர்களையெல்லாம் மனசுக்குள் திட்டித் தீர்த்தவள் நான்.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு ப்ரோச்சைப் பிடுங்கினாள். அவசரத்தில் இரண்டு மூன்று முடியும் சேர்ந்து வந்தது. "ஊசி நேராச்சா, நிக்குதான்னு பார்த்தேன்" என்றாள். "இரு, காபி போடறேன்." ஊசியில் சுற்றியிருந்த நரைமுடியை நான்தான் எடுத்துப் போட்டேன்.

அன்றிரவும் மறுநாளும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல் ஒரு வழி யோசித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அடுப்படியில் இருந்த சமயம், ப்ரோச்சைச் சுவர்க்கண்ணாடிக்குக் கீழிருந்த பலகையில் வைத்தேன், பக்கத்திலேயே இரண்டு கொண்டை ஊசிகளையும் வைத்தேன். "நேரமாச்சு" என்று குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

காலை ஆபீஸ் நேரத்தில் அம்மா தெருவில் இறங்கவே மாட்டாள். வேலைக்குப் போகிறவர்களுக்கு எதிரே தான் வரக் கூடாது என்று அவளே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பால் வாங்குவதானாலும் இருட்டோடு போய் வந்துவிடுவாள். அன்றைக்கு, பஸ் ஸ்டாப்பில் தலைநிறையப் பூவோடு பத்துப் பதினைந்து பெண்கள் நின்ற கியூவில் நானும் நின்றிருந்தபோது, பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"மறந்துட்டே" என்று அம்மா கையை விரித்துக் காட்டினாள். ப்ரோச்சும் ஊசிகளும் வியர்வையில் ஒட்டியிருந்தன.

"மறக்கலம்மா" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "உனக்காகத்தான் வச்சுட்டு வந்தேன். நீ வச்சுக்கோ."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. மகளுக்கு ஏதோ தெரியாததைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"யாராவது பார்த்தா?"

"திரும்பு" என்றாள். திரும்பினேன். முடியை ஒதுக்கி, ஊசியைப் பல்லால் பிரித்து, ஒன்றைச் செருகி, இன்னொன்றைக் குறுக்கே செருகி, ப்ரோச்சை மாட்டினாள். கியூவில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்தது. என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, யாருக்கும் எதிரே வந்துவிடாமல், அம்மா குளத்துச் சுவரை ஒட்டியே வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.